நாக்காஃப் என்றால் வீட்டுக்குப் போவது

மீசை முளைக்கும் வரைக்கும் ‘நாக்காஃப்’ என்பது தமிழ் வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்புறம் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

“அப்பா நாக்காஃப் ஆயி வர்ற நேரம். புத்தகத்தை எடுத்து மடியில வச்சுக்க. படிச்ச மாதிரியாவது இருக்கட்டும்.”

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. சங்கு ஊதினால் நாக்காஃப். நாக்காஃப் ஆனால் வீடு. இவ்வளவுதான் அர்த்தம். ஆனால் அம்மா அந்த வார்த்தையைச் சும்மா விடவில்லை. குழாயில் தண்ணீர் நின்றால் நாக்காஃப். பக்கத்து அறைக் குழந்தை அழுது ஓய்ந்தால், “அப்பாடா, நாக்காஃப்.” கோயிலுக்கு எண்ணெய் கொடுத்தனுப்பும்போது, “ஓடுடா, மத்தியானம் கோயில் நாக்காஃப் ஆயிடும்.” சாமியும் சங்கு ஊதியதும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் செகண்டரி இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, முடிந்தது. நான் அதை விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் இரண்டு தரப்புக்கும் இன்னும் தகராறு இருக்கிறது. அதன்பின் ஜூரோங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு யார்டில் சேர்ந்தேன். விடிவதற்கு முன்னால் தேக்கா மார்க்கெட் ஓரத்தில் லாரி நிற்கும். ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

என் வேலைக்குச் சிப்பிங் என்று பெயர். தண்ணீரை இறைத்துவிட்ட டாக்குக்குள் கப்பல் நிற்கும். அதன் வயிற்றில் ஏறியிருக்கும் துருவைச் சுத்தியலால் தட்டித் தட்டி உதிர்க்க வேண்டும். அன்றைக்கெல்லாம் தட்டினால் கப்பலில் ஒரு கதவளவு சுத்தமாகும், நம் மூக்கில் ஒரு படி துரு சேரும். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் தமிழர்கள். எங்களுக்கு மேலே மண்டோர்.

மண்டோர் என்றால் மேஸ்திரி மாதிரி. அவரும் ஒரு காலத்தில் எங்களைப்போல் சுத்தியல் பிடித்தவர்தான். இரும்புக்குள் உட்கார்ந்து இரும்பைத் தட்டிய சத்தம் அவருடைய இடது காதை முழுசாகவும் வலது காதில் பாதியையும் தின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் யார்டு அவரை மண்டோர் ஆக்கியது. மறுபடியும் சுத்தியல் பிடித்தால் மிச்சக் காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையே அந்த மிச்சக் காதைப் பற்றியதுதான்.

யார்டில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. சாயங்காலம் சங்கு ஊதும். டாக்கின் நாலு பக்கத்திலிருந்தும் “நாக் ஆஃப், நாக் ஆஃப்” என்று குரல் எழும். அப்போதுதான் அது அம்மாவின் சொத்து இல்லை, இங்கிலீஷ் என்று எனக்குத் தெரிந்தது. மனது கொஞ்சம் வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்திலிருந்து புதுசாக ஒரு வெள்ளைக்காரர் சூப்பரின்டெண்டாக வந்தார். வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பாதங்களை வாத்து மாதிரி வெளிப்பக்கம் திருப்பி, கையைப் பின்னால் கட்டி, கப்பல் தன் மாமனார் கொடுத்த சீர் என்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். அப்படி ஒரு நடையை என் கண் முன்னால் நடந்துவிட்டு நான் சும்மா இருக்க வேண்டும் என்றால் அது நியாயமே இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் காலுக்கு இரண்டு பெயிண்ட் பக்கெட், தலைக்கு ஒரு டின், கை பின்னால் என்று கப்பலுக்கு அடியில் நடந்து காட்டினேன்.

“பாதத்தை இன்னும் திருப்புடா, பத்தாது!” என்றார் மண்டோரே.

சுத்தியல்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஒருவர் சிரித்துச் சிரித்துத் துருக் குவியலில் உட்கார்ந்தேவிட்டார். திடீரென்று எல்லோர் முகமும் மாறியது. திரும்பினேன். அசல் நின்றுகொண்டிருந்தது. முகம் கப்பலுக்கு அடிக்கிற ரெட் லெட் பெயிண்ட் மாதிரி சிவந்திருந்தது.

“நாக் இட் ஆஃப்!” என்று கத்தினார். “ஆல் ஆஃப் யூ! நாக் இட் ஆஃப்!”

டாக் சுவரில் மோதி அது இன்னொரு தடவை கேட்டது. விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டார். பின்னாலிருந்து பார்த்தாலும் அதே நடைதான்.

“என்னடா சொல்றாரு?” என்றார் மண்டோர், வலது காதைக் காட்டி.

“நாக் ஆஃப்ங்கிறாருண்ணே.”

“இப்பவா? இன்னும் சாப்பிடவே இல்லையேடா.”

“எல்லாரும்னு சொன்னாரே. ஆல் ஆஃப் யூ.”

“ஏன்?”

“கோவமா இருக்காருல்ல. நம்ம மூஞ்சியையே பாக்கப் பிடிக்கல போல.”

அந்த நேரத்தில் அதை நான் சத்தியமாக நம்பினேன். அரை நாள் லீவு என்று ஒருவர் கத்திச் சொல்லும்போது, இலக்கணம் சரியா என்று யாராவது உட்கார்ந்து யோசிப்பார்களா? புதுசாகச் சேர்ந்த ஒருவருக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. துருவைத் தட்டி உதிர்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெறி பிடித்தவர்போல் தட்ட ஆரம்பித்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் கேட்டைத் தாண்டினோம். அந்த நேரத்தில் லாரி ஏது? பஸ்ஸில் போனோம். ஜன்னல் சீட், காற்று, தூக்கம். பகல் வெளிச்சத்தில் சிராங்கூன் ரோட்டைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாயங்காலம் தங்கச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிப்பு ஒழுங்காக ஏறியது அவளுக்குத்தான். அதனால் திமிரும் அவளுக்குத்தான். நடந்ததைச் சொன்னேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ அண்ணே. ‘இட்’ போட்டாரா?”

“போட்டாரு. அதனால என்ன? பக்கத்துல ஒரு குட்டி வார்த்தை சும்மா நிக்குது.”

“சும்மா நிக்கல. நாக் இட் ஆஃப்னா, சேட்டையை நிறுத்துன்னு அர்த்தம். உன்னை நிறுத்தச் சொன்னா, நீ வீட்டுக்கே வந்துட்டியே!”

தங்கச்சி முன்னால் தோற்க முடியுமா?

“புத்தகத்தைக் காட்டு.”

தடியாக ஒரு டிக்‌ஷனரியைக் கொண்டுவந்து விரலை ஓட்டினாள். “வேலையை முடிக்கிறது, இதுவும் இருக்கு. நிறுத்துறது. விலையில தள்ளுபடி பண்றது. திருடுறது. கொலை பண்றது...”

சாதம் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “எது கொலை?”

“நாக்காஃப்தாம்மா.”

“அடப்பாவிகளா. கோயில் நாக்காஃப்னு எத்தனை தடவை வாயால சொல்லியிருக்கேன்!” அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஒரே வார்த்தையில வேலையும் முடிக்கிறான், திருடுறான், ஆளையும் கொல்றான். வெள்ளைக்காரன் வீட்டுல எப்படித்தான் பேசிக்கிறாங்க?”

“நம்ம மட்டும் என்னவாம்?” என்றேன். “உன் கையில இருக்கிறது என்ன?”

“தட்டு.”

“கதவை?”

“தட்டு.”

“சொன்ன வேலையைச் செய்யாம நழுவுனா?”

“தட்டிக்கழிக்கிறது. அதுக்குத்தான் உன்னைப் பெத்து வச்சிருக்கேனே.”

“அடுத்தவன் பொருளை எடுத்தா தட்டிப்பறிக்கிறது. நல்லா செஞ்சா தட்டிக்கொடுக்கிறது. நான் நாள் முழுக்க அங்க செய்யிறதும் தட்டுறதுதான். நாமளும் ஒரே வார்த்தையிலதாம்மா குடும்பம் நடத்துறோம்.”

“இன்னொண்ணை விட்டுட்ட,” என்றாள் தங்கச்சி. “தட்டிக் கேக்கிறது. அதை உங்க யார்டுல நாளைக்கு யாரு செய்யப் போறா?”

அம்மா தட்டை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். “தின்னுடா முதல்ல. நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ.”

மறுநாள் லாரியை விட்டு இறங்கும்போதே யார்டு கிளார்க் கேட்டில் காத்திருந்தார். அவர் தமிழ்க் கிறிஸ்துவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரல். சம்பளத் தேதியைச் சொன்னால்கூட மோசேயிடம் ஆண்டவர் சொன்ன மாதிரி கேட்கும். எங்களுக்கும் ஆபீசுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வது அவர்தான். என்னையும் மண்டோரையும் மட்டும் சாயங்காலம் மேனேஜர் அறைக்கு வரச் சொன்னார். கூட்டமே அரை நாள் காணாமல் போய், கப்பல் தாமதமாகி, பெரிய ரகளை ஆகியிருந்தது.

அன்று முழுவதும் மண்டோர் கப்பலின் மறுபக்கத்திலேயே நின்றார். மேனேஜர் அறை வாசலில் கிளார்க் என்னைத் தனியாக இழுத்தார்.

“தம்பி, நல்லா கேட்டுக்க. விளையாட்டுக்குத்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன்னு சொன்னா, உன் வேலை போகும், மண்டோர் தப்பிச்சிடுவாரு. இங்கிலீஷ் புரியல, தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னா, நீ தப்பிச்சிடுவ. ஆனா ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்ல வேண்டியது மண்டோர் பொறுப்பு. அவரைத் திரும்பச் சிப்பிங்குக்கு அனுப்பிடுவாங்க.”

“ரெண்டும் நெசம் இல்லையே, சார்.”

“நெசமா இப்ப முக்கியம்? உனக்கு வயசு இருக்கு. வேற யார்டு கிடைக்கும். அவருக்கு வேற காது கிடைக்குமா?”

மண்டோரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் பக்கத்தில் போய் வலது காதில் சொன்னேன். “அண்ணே, நான் நெசமாவே நாக்காஃப்னுதான் நினைச்சேன்.”

“போடா,” என்றார். “உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? பக்கெட்டை மாட்டிக்கிட்டு ஆடுனவன்தானே நீ. விளையாட்டுன்னு ஒத்துக்கிட்டுத் தொலை. என்னை விட்டுடச் சொல்லு.”

அதுதான் சுட்டது. ஊரையே கேலி பண்ணிக்கொண்டு திரிந்தவன் ஒரே ஒரு நாள் நிஜம் சொன்னால், அதையும் கேலி என்கிறார்கள். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டுப் போனால், இந்த மனுஷன் சாகிற வரைக்கும் அதையே நம்பிக்கொண்டிருப்பார்.

உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சீனர், சாந்தமானவர், சண்டை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கும் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார், கை பின்னால். நான் சிரித்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“இவனிடம் ஒரே கேள்விதான்,” என்று வெள்ளைக்காரர் சொன்னதைக் கிளார்க் தமிழில் சொன்னார். “விளையாட்டுக்குச் செய்தானா, புரியாமல் செய்தானா?”

கிளார்க்கின் கண் என்னைக் கெஞ்சியது. மண்டோர் அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளார்க்கை விட்டுவிட்டு, செகண்டரி இரண்டு கொடுத்த இங்கிலீஷை அப்படியே எடுத்துப் போட்டேன்.

“சார், யூ சே நாக் ஆஃப். வீ நாக் ஆஃப்.”

“நாக் இட் ஆஃப் என்றேன்! இட்!”

“வாட் இஸ் இட், சார்?”

கிளார்க் இருமினார். நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்த ‘இட்’ எது? துருவா? வேலையா? நானா? துரு என்று நினைத்து ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார் என்று சொன்னேன். என் இங்கிலீஷ் அங்கே தீர்ந்துபோனது. மிச்சத்தைத் தமிழில் கொட்டினேன். கிளார்க் பின்னாலேயே ஓடி வந்தார்.

“எனக்குப் புரியலைன்னு சொல்ல மாட்டேன், சார். எனக்கு நல்லாவே புரிஞ்சுது. அந்த வார்த்தைக்கு இந்த யார்டுல என்ன அர்த்தமோ அதுதான் புரிஞ்சுது. எங்கப்பாவுக்கும் அதான், எங்கம்மாவுக்கும் அதான். நாக் ஆஃப்னா வீட்டுக்குப் போறது. உங்க ஊர்ல வேற அர்த்தம் இருக்கலாம். ஆனா நீங்க கத்துனது எங்க டாக்குல. விளையாட்டுக்குச் செஞ்சேன்னும் சொல்ல மாட்டேன். பக்கெட் மாட்டுனது விளையாட்டு. வீட்டுக்குப் போனது விளையாட்டு இல்ல.”

கிளார்க் மாற்றிச் சொன்னார். எவ்வளவு மென்மையாகச் சொன்னாரோ தெரியாது. அப்படியும் வெள்ளைக்காரர் மேஜையில் ஓர் அடி அடித்தார். மேனேஜரின் டீக் கோப்பை விளிம்பில் ஆடி, கீழே விழுந்து உடைந்தது. ‘நாக் இட் ஆஃப்’ என்றால் என்ன என்று இந்த உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும், இவன் மட்டும் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான் என்றார். அப்படி ஓர் அர்த்தத்தை நம்பி ஒரு கூட்டமே வீட்டுக்குப் போகும் என்பதை முட்டாள்கூட ஒப்புக்கொள்ள மாட்டான் என்றார். ஆகவே இது விளையாட்டு, ஆகவே இவன் வெளியே போக வேண்டும்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. சங்கு ஊதியது.

எதிர்ப் பக்க டாக்கிலிருந்து வழக்கமான கூச்சல் எழுந்தது. மேனேஜர் கண்ணாடியை மாட்டினார். எழுந்து குடையை எடுத்தார். அவர் யோசிக்கவே இல்லை, தினமும் செய்கிற காரியம்.

மண்டோருக்குச் சங்குச் சத்தம் கேட்கவில்லை. மேனேஜர் குடையோடு நிற்பதைத்தான் பார்த்தார். பார்த்ததும் வாயில் வந்தது.

“நாக்காஃபா, சார்?”

“யா, யா. நாக் ஆஃப் லா,” என்றார் மேனேஜர். “டுமாரோ தென் டாக்.” மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாமாம்.

மேனேஜர் கையில் குடையோடு நின்றார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. கிளார்க் மேல்கூரையைப் பார்த்தார். வேதம் வாசிக்கிறவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் மேனேஜரைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மண்டோர் மட்டும் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தான் கேட்ட கேள்வியைத் தானே மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “நாக்காஃபா...” என் பக்கம் திரும்பினார்.

“ஏண்டா,” என்றார். “நெசமாவாடா?”

“நெசமாண்ணே.”

மேனேஜர் குடையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மண்டோர் மண்டோராகவே இருக்கட்டும் என்றார். வெள்ளைக்காரர் வாக்குவாதம் செய்யவில்லை. ஆனால் இவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கேட்டேன்.

“பக்கெட்டுக்கு சாரி, சார்.”

“அப்புறம்?” என்றார் கிளார்க்.

“அவ்வளவுதான். வார்த்தைக்கு சாரி கிடையாது.”

அதற்குத் தண்டனையாக என்னைக் கப்பலின் அடித்தொட்டிக்குள் அனுப்பினார்கள். குனிந்து போய்க் குனிந்தே வேலை செய்கிற இடம். சேறும் எண்ணெயும் கலந்த நாற்றம். போன அரை நாள் சம்பளமும் பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் பிடிப்பதற்கும் அதே வார்த்தைதான் என்று கிளார்க் சொன்னபோது, அந்த நாற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எதையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் தினமும் லாரியில் மண்டோர் தன் வலது பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்தார். காது கேட்கிற பக்கம். நான் சொல்வதை இனிமேல் கேட்கலாம் என்று முடிவு செய்துவிட்டார் போல.

வெள்ளைக்காரர் அதற்குப் பிறகு எங்களிடம் “ஸ்டாப்” என்றுதான் சொன்னார். சுத்தமாக, ஒரே அர்த்தத்தோடு. நாங்களும் சுத்தமாக நிறுத்தினோம். அடுத்தடுத்துப் பல கப்பல்கள் வந்து போயின. வெயிலில் அவர் தோலும் உரிந்து, உரிந்த இடம் கறுத்து, கேண்டீனில் தே தாரிக் டீ வாங்கிக் குடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டார். நடை மட்டும் மாறவில்லை.

ஒரு சாயங்காலம் நான் மறுபடியும் கப்பல் வயிற்றில் சுத்தியலோடு இருந்தேன். சங்கு ஊதியது. மேலே டாக் விளிம்பில் அந்த வாத்துப் பாதங்கள் வந்து நின்றன. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“நாக் ஆஃப்!” என்றார். சிடுசிடுப்பு இல்லை. ‘இட்’டும் இல்லை.

கூட்டம் மொத்தமும் சுத்தியலைக் கீழே போட்டது. அவர் சொன்னது எங்கள் நாக்காஃப். எங்கள் அம்மாவின் நாக்காஃப். அங்கேயே விட்டிருக்கலாம். தட்டிக் கேட்கப் போவது யார் என்று தங்கச்சி கேட்ட கேள்வி மட்டும் மனதில் கிடந்து குடைந்தது. சுத்தியல் பிடியால் கப்பலை ஒரு தட்டுத் தட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். அண்ணாந்து கேட்டேன்.

“விச் ஒன், சார்?”

மண்டோர் கையுறையைக் கழற்றி என் முதுகில் எறிந்தார். “ஏறுடா நாயே, படியில.”

மேலே வெள்ளைக்காரர் கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கையை எடுத்து, வீட்டுக்குப் போகிற கேட் பக்கம் நீட்டிக் காட்டினார்.